ஓவசியர் வீட்டுக்குத் திரும்பி வந்தவை

ஓவசியர் வீட்டுக்கு முதலில் திரும்பி வந்தது குசினிக் கதவு. வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கூரைக்குப் புது ஓடு போட்டு முடிந்த எட்டாம் நாள், பின்னேரம் நாலு மணிக்கு அது வீட்டு முன்னால் ஓடுகிற ஒழுங்கையால் நிமிர்ந்து நடந்து வந்து, படலையடியில் சற்று நின்று, மழைத்தண்ணி ஓட வெட்டியிருந்த வாய்க்காலைக் கவனமாகக் கடந்து, வளவுக்குள் நுழைந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அடுப்பு நிற்கிற குசினியின் நிலையில் தன்னைத் தானே பொருத்திக்கொண்டது. அந்த நேரம் முன் ஹோலில் மூன்று பேர் நின்று, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூவரில் ஒருவர் நித்தியானந்தன். றோட்டு வேலைகளை மேற்பார்த்து, காலமாகிவிட்ட ஓவசியர் அருணாசலத்தின் ஒரே மகன். ரொறன்ரோவில் இருபத்தெட்டு வருசம் பஸ் ஓட்டிவிட்டு, பிறந்த வீட்டைத் திருத்தி அதில் கொஞ்சக் காலமாவது இருக்கவேண்டும் என்று வந்தவர். மற்றவர் அவர் மனைவி சறோஜினி. அவருக்குச் சுவர் தயிர் நிறத்தில் இருக்கவேண்டும். நித்தியானந்தனுக்கோ தன் தாய் இருந்த காலத்து நீலமே வேண்டும். மூன்றாவது ஆள் தவரூபி. அந்த ஊரிலேயே பிறந்து, கொழும்பில் உள் அலங்காரம் படித்துவிட்டு வந்து, வெளிநாட்டுக்காரர் திருத்தியெடுக்கிற பழைய வீடுகளுக்குள் எந்தச் சாமான் எங்கே நிற்கவேண்டும், எந்த யன்னலுக்கு எந்தத் திரைச்சீலை என்று அவர்களோடு இருந்து பேசிப் படம் கீறிக் கொடுப்பது அவள் தொழில்.

"ஆரோ கதவு கொண்டு வருகினம்" என்றார் சறோஜினி, யன்னலால் பார்த்துவிட்டு.

"ஆரும் கொண்டு வரேல்லை அன்ரி. அது தானாத்தான் வருது" என்றாள் தவரூபி.

நித்தியானந்தன் பின்னால் போய்க் கதவைத் தடவிப் பார்த்தார். "எங்கட குசினிக் கதவுதான். இஞ்சை பாருங்கோ, நான் ஆணியாலை கீறின ஏறோப்பிளேன் கிடக்கு" என்றார். பிறகு, பஸ் நேரத்துக்கு வந்ததைப் போல அதை ஏற்றுக்கொண்டு, "அப்ப அந்த அலுமினியக் கதவு வேண்டாம் பிள்ளை" என்றார். தவரூபி தன் படத்தில் அலுமினியக் கதவை வெட்டினாள்.

அந்த வீடு வெறுமையாகிய கதை ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது, எவரும் சொல்லாதது. ஓவசியரும் பெண்சாதியும் தொண்ணூற்றி மூன்றில் மகனோடு கனடா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தொண்ணூற்றைந்தில் ஊர் முழுதும் சண்டைக்கு இடம்பெயர்ந்து போய், மற்ற வருசம் திரும்பி வந்தபோது, ஒருவர் வீட்டுக்குக் கதவு இல்லை, இன்னொருவர் வீட்டுக்குக் கூரை இல்லை, இன்னொருவர் வீட்டில் குழந்தையைக் கிடத்த ஒரு கட்டில் இல்லை. ஓவசியர் வீடு மட்டும் பூட்டியபடி முழுசாக நின்றது. கனடாவிலிருந்து ஆரும் இனி வரமாட்டினம் என்று முதலில் ஒருவர் ஒரு யன்னலைக் கழற்றினார். அவர் கழற்றியதைப் பார்த்து அடுத்தவர் கதவைக் கழற்றினார். கார்த்திகை மழை வருவதற்கு முன் கூரை ஓடும் அதைத் தாங்கிய தீராந்தியும் கூடப் போய்விட்டன. எவரும் அதைக் களவு என்று சொல்லவில்லை. "எடுத்து வைச்சிருக்கிறம்" என்றார்கள். முப்பது வருசமாக அந்தச் சொல்லையே சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் பிறந்து அந்தக் கட்டில்களில் வளர்ந்து, பிறகு அந்தச் சொல்லும் தேவையில்லாமல் போய், கட்டில் அவரவர் கட்டிலாகவும் கதவு அவரவர் கதவாகவும் ஆகிவிட்டன.

இப்போது அவை வந்தன. புதன்கிழமை இரண்டு யன்னல்கள் வந்தன, சோடியாக, ஒன்றையொன்று முந்தாமல். வியாழக்கிழமை கண்ணாடி வைத்த அலுமாரி வந்தது, தன் கண்ணாடியில் ஒழுங்கை முழுவதையும் காட்டிக்கொண்டு. வெள்ளிக்கிழமை ஓவசியரின் பெண்சாதி படுத்த கட்டில் வந்தது, பச்சை மையடித்து ஆளே மாறி. நித்தியானந்தன் அதன் தலைமாட்டுச் செதுக்கலில் விரலை வைத்துப் பார்த்து, "அம்மான்ர கட்டில்" என்றார். அடுத்த கிழமை ஒரு நாள் ஒழுங்கையால் ஒரு பிடி சாம்பல் மட்டும் காற்றில்லாமல் சுழன்று வந்து குசினி மூலையில் படிந்தது. வெள்ளம் வந்த வருசம் ஆரோ விறகில்லாமல் எரித்த, நாலு பேர் இருக்கக்கூடிய வாங்கு அது. துடைக்கப் போன வேலைக்காரப் பெண்ணைச் சறோஜினி மறித்து, "அதிலை கை வையாதை, அது வீட்டுச் சாமான்" என்றார்.

முதல் நாள் ஊரில் காற்று என்றார்கள். இரண்டாம் நாள் ஆரோ தச்சன் விளையாடுகிறான் என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மணிக்கு ஒழுங்கைப் பக்கத்து யன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. பயத்தால் அல்ல; எந்தச் சாமான் எந்தப் படலையால் வெளிக்கிட்டது என்று ஒருவர் மற்றவருடையதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இது ஒருவரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல, ஆனால் சுவாமி வீதி வலம் வரும் நேரத்தை விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. ரியூசன் ரீச்சர் வகுப்பை ஐந்தரைக்கு மாற்றினார். மினி பஸ் சாரதி சந்தியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரின் அரச அலுவல் பார்க்கிற விதானையார் ஒரு நாள் வந்து, நடந்து வருகிற சாமான்களுக்குக் கடிதம் ஏதும் தேவைப்படுமோ என்று மேலிடத்தில் கேட்டதாகவும், அதற்கென்று படிவம் ஒன்றும் இல்லை என்று பதில் வந்ததாகவும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் போனார். அவருடைய வீட்டிலிருந்து சாப்பாட்டு மேசை முந்தின நாள்தான் வெளிக்கிட்டிருந்தது.

சந்திக் கடைக்காரி மனோன்மணியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் நேரம் பிந்தி மூன்றே முக்காலுக்கு வந்து இருந்தார்கள். பெண் தட்டத்தோடு வருகிறபோது அவர்களுக்குக் கீழே கதிரைகள் மெல்ல அசைந்தன. மாப்பிள்ளையின் தாய் முதலில் எழும்பினார், பிறகு தகப்பன், பிறகு மாப்பிள்ளை. மூன்று கதிரைகளும் வரிசையாக வாசலால் இறங்கிப் போயின, அவர்கள் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள். எல்லாரும் நின்றபடி பலகாரம் சாப்பிட்டார்கள். மனோன்மணி முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். கடைசியில் மாப்பிள்ளையின் தாய் அவளிடம் போய், "எங்கட ஊரிலையும் இப்பிடி ஒரு வீடு கிடக்கு. அதை இன்னும் ஒருத்தரும் திருத்தேல்லை" என்று மெல்லச் சொன்னார். கலியாணம் பொருந்திற்று.

சிலருக்குக் காத்திருப்பது தாங்கவில்லை. தங்களிடம் உள்ளது எந்த நாள் போகும் என்று தெரியாமல், மூன்று மணிக்கே அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஒட்டடை தட்டி, வாசலுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு உள்ளறைக்குள் போய் இருந்தார்கள். ஒருத்தி தொட்டிலுக்கு மல்லிகைச் சரம் கட்டி அனுப்பினாள். வேறு சிலர் சந்தியில் நித்தியானந்தனைக் கண்டால், அவர் கேளாமலே, "மழைக்கு நனைஞ்சு போடும் எண்டுதான் தம்பி, எடுத்து வைச்சனாங்கள்" என்றார்கள். அவரும் "ஓம் ஓம்" என்றார். ஆனால் பின்னேரங்களில் அவர் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, வருகிற ஒவ்வொன்றையும் பார்த்து, "எந்தப் பக்கத்தாலை வந்தது?" என்று மேசன்மாரிடம் கேட்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. சறோஜினி, "கேளாதேங்கோ. அது பாவம்" என்பார். அவர் கேட்பார்.

தவரூபி ஒவ்வொரு நாளும் படத்தைத் திருத்திக் கீறினாள். செற்றி நிற்கவேண்டிய இடத்தில் சாய்மனைக் கதிரை வந்து நின்றது. கொழும்பிலிருந்து எடுப்பிக்க இருந்த அலுமாரி வேண்டாமென்றாயிற்று. அவள் கடைச் சாமான்களின் இரவல் அளவுகளை அழித்து வீட்டின் சொந்த அளவுகளை எழுதினாள். சுவர் நீலமும் இல்லாமல் தயிரும் இல்லாமல், திரும்பி வந்த மரங்களின் கறுப்புக்குப் பொருந்துகிற ஒரு மங்கல் சுண்ணாம்பு நிறத்துக்கு இருவரையும் ஒத்துக்கொள்ள வைத்தாள். அவள் செய்ததில் அழகான வேலை அதுதான் என்று அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததும் படத்தைச் சுருட்டி வைத்தாள்.

ஏனென்றால் ஊர் அவளையும் தகப்பன் கந்தவனத்தையும் புகழத் தொடங்கியிருந்தது. "எல்லார் வீட்டாலையும் ஏதாவது போட்டுது. கந்தவனத்தார் வீட்டாலை ஒரு ஈர்க்குக் கூட வெளிக்கிடேல்லை" என்றாள் மனோன்மணி, கடையில் நாலு பேருக்கு முன்னால், தவரூபியின் கையைப் பிடித்துக்கொண்டு. "அப்பன் சுத்தம். பிள்ளையும் சுத்தம்." கோயில் பரிபாலன சபை, கோயில் சாவியை வைத்திருக்கக் கந்தவனத்தாரைக் கேட்கலாமா என்று யோசித்தது. தவரூபி சிரித்தாள். வாங்கிய சீனியை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் யன்னலடியில் மேசை நின்றது. முதிரை மரம், இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி, பித்தளைப் பிடி, வலது மூலையில் அழியாத மைக்கறை. அவள் அந்த மேசையில்தான் ஓவசியர் வீட்டின் படத்தைக் கீறிக்கொண்டிருந்தாள். அந்த மேசையும் ஓவசியர் வீட்டுடையது.

அவளுக்கு ஒன்பது வயதில், ஊர் திரும்பி வந்த வருசம், கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த கந்தவனம் அதைத் தலையில் சுமந்து கொண்டுவந்து வைத்தார். புலமைப் பரிசில் சோதினைக்கு அவள் நிலத்தில் குனிந்திருந்து படித்து முதுகு நோகிறது என்று அழுதிருந்தாள். மேசை அவளுக்கு எட்டவில்லை. கதிரை ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த நாள் அவர் ஒரு வாள் இரவல் வாங்கி, நாலு காலிலும் முழங்கை நீளம் அறுத்து எடுத்தார். தச்சு வேலை தெரியாத கை. ஒரு கால் கட்டையாகப் போயிற்று, அதற்குக் கீழே தகரத்தை மடித்து வைத்தார். அவள் பாயில் இருந்தபடி அதில் கைகளை ஊன்றிப் படித்தாள். சோதினை பாஸ், பிறகு அதற்குப் பிறகு வந்த எல்லாச் சோதினையும் பாஸ், கொழும்பு, தொழில், பேர். அவள் என்னவாக இருந்தாளோ அது முழுதும் அந்த மேசையின் மேல் இருந்தது.

குசினிக் கதவு போன மற்ற நாளே, நாலு மணிக்கு, மேசை நடுங்கிற்று. இரண்டு விரற்கடை நகர்ந்தது. ஒவ்வொரு நாளும் கூடக் கூட நகர்ந்து ஐந்தாம் நாள் வாசலை அடைந்தது. ஆனால் வாசல் நிலைப்படி உயரம், கால்கள் கட்டை. அது முன்கால்களைத் தூக்கிப் பார்க்கும், எட்டாது, படியில் மோதும், திரும்பவும் தூக்கிப் பார்க்கும். ஐந்து மணி வரைக்கும் அப்படியே நின்று நடுங்கி, பிறகு வெறும் மரமாகும். ஊரில் எல்லாச் சாமானும் நடந்து போக, அது ஒன்று மட்டும் போகாததற்குக் காரணம் தவரூபிக்கும் தகப்பனுக்கும் மட்டும் தெரியும். அவள் அதைத் திரும்ப இழுத்து யன்னலடியில் வைப்பாள். மேலே படத்தை விரித்து, அது போக முயன்ற அதே வீட்டின் அறைகளைக் கீறுவாள்.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்த கந்தவனம் கட்டிலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படியிலை ஒரு பலகையைச் சாய்ச்சு வைச்சா ஏறி இறங்கிப் போடும், பிள்ளை" என்றார் ஒரு நாள், வார்த்தைகளைச் சிரமப்பட்டுச் சேர்த்து.

"இப்ப போனா எல்லாரும் பாப்பினம் அப்பா."

"யன்னல் பூட்டித்தானே கிடக்கு."

"போய்ச் சேர்ற இடத்திலை அவர் பாப்பார். நான் அங்கை நாளைக்கும் போகவேணும்."

அவள் நைலோன் கயிறு ஒன்றை எடுத்து வந்து மேசையின் காலை யன்னல் கம்பியோடு கட்டினாள். முடிச்சை இறுக்கும்போது தகப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதைக் கண்டாள். கண்டும் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அன்றைக்கு நாலு மணிக்கு மேசை கயிற்றை இழுத்தது, கட்டிய கன்று இழுப்பது போல, சத்தமில்லாமல். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஆனி பிறந்தபோது வீடு ஏறக்குறைய நிரம்பிவிட்டது. நித்தியானந்தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து, கடைசி அறையில் யன்னலடியில் நின்றார்.

"இதிலை என்ன போட்டிருக்கிறியள் பிள்ளை?"

"புத்தக அலுமாரி, அங்கிள். இந்த இடத்துக்கு வெளிச்சம் நல்லம்."

"இதிலை ஐயான்ர மேசை நிண்டது. அதிலைதான் அவர் படம் எல்லாம் கீறுவார். றோட்டு, பாலம், எல்லாம். அது இன்னும் வரேல்லை. இடத்தை விடுங்கோ."

"முப்பது வருசம் அங்கிள். அது விறகாப் போயிருக்கும்."

சறோஜினி யன்னல் சீலையை அளந்துகொண்டிருந்தவர், திரும்பாமலே, "விறகாப் போயிருந்தாச் சாம்பலெண்டாலும் வந்திருக்குமே, தவா" என்றார். அந்தக் குரலில் குற்றம் இருக்கவில்லை. அது இருந்திருந்தால் தவரூபிக்கு நின்று பதில் சொல்லியிருக்க முடியும். அவள் புத்தக அலுமாரியை அழித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். அன்று இரவு அந்த வெறுமையான சதுரம், அவள் கை ஊன்றியிருந்த பலகைக்கு நேர் மேலே, காகிதத்தில் கிடந்தது.

அந்தக் கிழமை மணி வந்தது. அது வெண்கல மணி, ஒரு குடத்தளவு. ஆருடைய வளவிலோ வைக்கலுக்குள் கிடந்து களிம்பேறிப் போயிருந்தது. கால் இல்லாதபடியால் தத்தித் தத்தி, ஒவ்வொரு தத்தலுக்கும் ஒரு தரம் ஒலித்து வந்தது. சாத்திய யன்னல்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். நித்தியானந்தன் விறாந்தைக் கதிரையிலிருந்து எழும்பினார். எந்தப் பக்கத்தால் வந்தது என்று அன்று அவர் கேட்கவில்லை. மணி சுவாமி அறைக்குள் போய் ஒரு மூலையில் இருந்தது. மற்ற நாள் நாலு மணிக்கு அது தானாக எழும்பி, விறாந்தையால் இறங்கி, படலையைக் கடந்து, வந்த பக்கம் போகாமல், ஊரின் மற்றத் தொங்கலில் இருக்கிற வடலிப்பக்கம் திரும்பிற்று.

வடலிப்பக்கத்துச் சனம் எழுபத்தோராம் ஆண்டு பங்கு போட்டுத் தங்கள் வைரவருக்கு வாங்கிய மணி அது. பெரிய கோயில் மணி அடிக்கிற நேரத்தில் அதுவும் அடிப்பது மரியாதை இல்லை என்று ஓவசியர் ஆள் விட்டுக் கழற்றிக்கொண்டு வரச் செய்தார். அன்றைக்குத் தகப்பனுடைய காருக்குள் முன் சீற்றில் இருந்து அதைப் பார்த்தவர் பன்னிரண்டு வயது நித்தியானந்தன். எடுத்தது அல்ல, எடுத்து வைத்திருப்பது என்றுதான் அந்த வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்.

அவர் சேட்டும் போடாமல், சாரத்தோடு மணிக்குப் பின்னால் நடந்து போனார். ஊர் முழுவதையும் குறுக்காகக் கடந்தார். இருட்டுமுன் திரும்பி வந்தபோது தவரூபி திரைச்சீலைத் துணிகளோடு விறாந்தையில் நின்றாள். அவர் படிக்கட்டில் இருந்துகொண்டார், கதிரையில் இருக்கவில்லை.

"அவை ஒண்டும் கேக்கேல்லை" என்றார். "ஒரு வயசாளி வந்து மணியைக் கழுவினார். எனக்கு ஒரு செம்பிலை தண்ணி தந்தினம். குடிச்சன். எங்கட வீட்டாக்கள் ஒருத்தரும் அங்கை தண்ணி குடிச்சதில்லை."

சறோஜினி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வழி முழுக்க யன்னல் எல்லாம் பூட்டு, பிள்ளை" என்றார் அவர், தவரூபியைப் பார்க்காமல். "மரியாதைக்குப் பூட்டுகினம், தெரியும். ஆனா ஆராவது பார்த்து ரெண்டு வார்த்தை ஏசியிருந்தா எனக்குக் கொஞ்சம் சுகமா இருந்திருக்கும். இப்ப அது என்னோடையே கிடக்கு."

மற்ற நாள் காலை பத்து மணிக்குத் தவரூபி கயிற்றை அறுத்தாள். பத்து மணி சந்தைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரம், மினி பஸ் வந்து நிற்கிற நேரம், கடையில் பாணுக்கு வரிசை நிற்கிற நேரம். அந்த நேரத்தில் மேசை நடக்காது. அது வெறும் மரம், நல்ல பாரம். அவள் அதைப் படிக்கு மேலால் தூக்கி வெளியே வைத்தாள். லாச்சி வழுக்கி விழப் பார்த்தது. கந்தவனம் பொல்லை ஊன்றி எழும்பி வந்து, லாச்சியை இழுத்து எடுத்து, நல்ல கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீங்கள் இருங்கோ அப்பா. நான் கொண்டு போறன்."

"கொண்டு வந்தது நான்" என்றார்.

அவள் மேசையை நெஞ்சுக்கு நேரே தூக்கி இருபது அடி நடப்பாள், வைப்பாள், மூச்சு வாங்குவாள், திரும்பவும் தூக்குவாள். பின்னால் தகப்பன் லாச்சியோடு காலை இழுத்து இழுத்து வந்தார். முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏத்துங்கோ அக்கா" என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சனம் பார்த்தது. பார்க்கப் பழகாத சனம்; இவ்வளவு நாளும் யன்னலைச் சாத்திப் பழகியவர்கள், பகல் வெளிச்சத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் பாண் பையைப் பார்த்தார். ஒருவர் சைக்கிள் சங்கிலியைப் பார்த்தார். மனோன்மணி கடையிலிருந்து இறங்கி வந்து, மேசையைப் பார்த்து, அதன் கட்டைக் கால்களைப் பார்த்து, தவரூபியின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப உங்கட வீட்டாலையும்" என்றாள்.

"ஓம் மனோ அக்கா. நான் கட்டி வைச்சிருந்தனான்."

அன்றைக்குக் கடையில் பிடித்த கையை மனோன்மணி மனத்தில் விட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. திரும்பிக் கடைக்குள் போனாள். ஏச்சை விட அது கனமாக இருந்தது, ஆனால் தவரூபி அதையும் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஓவசியர் வீட்டில் மேசையை யன்னலடியில் வைத்தபோது நித்தியானந்தன் அதன் மைக்கறையில் கை வைத்தார். பிறகு குனிந்து, வாள் பட்ட காலைத் தடவினார்.

"ஆர் வெட்டினது?"

"நான்தான் தம்பி" என்றார் கந்தவனம். லாச்சி இன்னும் அவர் நெஞ்சில் இருந்தது. "பிள்ளைக்கு எட்டேல்லை."

"அது ஒவ்வொரு நாளும் வரப் பாத்தது, அங்கிள்" என்றாள் தவரூபி. "படி ஏற ஏலாமல் நிண்டது. நான் கயிறு போட்டுக் கட்டினனான். கட்டிவிட்டு அதிலை இருந்துதான் உங்கட வீட்டைக் கீறினனான். நீங்கள் வேறை ஆளைப் பிடியுங்கோ."

நித்தியானந்தன் மேசைக் காலிலிருந்து கையை எடுத்தார். கோபம் வந்து, அது எங்கே போய் இருப்பதென்று இடம் தேடுவது முகத்தில் தெரிந்தது. வடலிப்பக்கத்துத் தண்ணி குடித்த வாயால் அவருக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. சறோஜினிதான் பேசினார். "அரைவாசியிலை விட்டிட்டுப் போனா ஆர் முடிக்கிறது? நாளைக்கு வாங்கோ. திரைச்சீலை இன்னும் தெரிவு செய்து முடியேல்லை."

அது மன்னிப்பா தண்டனையா என்று தவரூபிக்கு விளங்கவில்லை. மற்ற நாள் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஒவ்வொரு நாளும் அந்த மேசையைக் கடந்து போய்த் துணி அளந்தாள். புதுக் கால் ஒட்டுவித்துத் தரலாம் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். "வேண்டாம். கட்டையாவே நிக்கட்டும்" என்றார் நித்தியானந்தன். வீட்டில் அவள் நிலத்தில் குனிந்திருந்து கீறினாள், முதுகு நொந்தது.

ஆடி முடிந்து ஆவணியில் வீடு குடிபூரல். ஊர் முழுவதற்கும் சொல்லியிருந்தார்கள், வடலிப்பக்கமும் சொல்லியிருந்தார்கள், எல்லாரும் வந்தார்கள். சுவர்கள் மங்கல் சுண்ணாம்பு நிறத்தில் நின்றன. முப்பத்திரண்டு பேர் இருக்கத் தவரூபி இடம் வகுத்திருந்தாள். ஒவ்வொரு கதிரைக்கும் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழும் என்றுகூட யோசித்திருந்தாள். ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. தாங்கள் முப்பது வருசம் இருந்து சாப்பிட்ட கதிரைகளை வந்தவர்கள் கண்டார்கள், படுத்த கட்டில்களைக் கண்டார்கள், ஒருத்தி தொட்டிலின் விளிம்பை ஆரும் பாராமல் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லாரும் சுவரோடு சுவராக நின்றார்கள். நித்தியானந்தன் "இருங்கோ, இருங்கோ" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவர் தானும் நின்றுகொண்டுதான் சொன்னார். சோறு வந்தது. கையில் வாழையிலையை ஏந்தியபடி அறுபது எழுபது பேர் அந்த அழகான வீட்டுக்குள் நின்றார்கள்.

கந்தவனத்துக்கு நிற்க ஏலவில்லை. அவர் கதிரைகளைப் பார்த்தார், இருக்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கடைசி அறைக்குப் போய், யன்னலடியில், மெல்ல மெல்ல நிலத்தில் இறங்கிக் கட்டை மேசைக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். வாசலில் நின்ற தவரூபிக்கு அவரைத் தூக்கிவிடப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சறோஜினி வாளியோடு அவளைக் கடந்து போய், இலையை வாங்கி அந்த மேசையில் விரித்து, சோறு போட்டார். நிலத்தில் இருக்கிற ஆளுக்கு அது கணக்கான உயரமாக இருந்தது.

நித்தியானந்தன் வந்து வாசலில் நின்று பார்த்தார். பிறகு பிடிக்கிற முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, கந்தவனத்துக்கு எதிரே, மேசையின் மற்றப் பக்கம் நிலத்தில் இருந்தார். அவர் இருந்ததைக் கண்டு மணியைக் கழுவின வயசாளி ஹோலில் நிலத்தில் இருந்தார். பிறகு மனோன்மணி, பிறகு விதானையார், பிறகு பெண் பார்க்க வந்து சம்பந்தியானவர்கள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுதும், விறாந்தை வரைக்கும், சனம் நிலத்தில் இருந்து குனிந்து சாப்பிட்டது. அவர்களுக்கு நடுவே முப்பத்திரண்டு கதிரைகளும் வெறுமையாக நின்றன.

தவரூபி இருக்க இடம் தேடினாள். மனோன்மணி தன் சீலையை ஒதுக்கி, முகத்தைப் பார்க்காமல், ஒரு ஆள் இருக்கிற அளவுக்குத் தள்ளி இருந்தாள்.